தேவைகளை ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்கு மாற்றும்போது

ஒரு கருவியோ மென்பொருளோ என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தேவை (ரிக்வயர்மென்ட்). "பிரேக்கை அழுத்தினால் பின்விளக்கு எரிய வேண்டும்" என்பது ஒரு தேவை. சின்ன புராஜெக்ட்டில் இப்படி ஐம்பது வாக்கியம் இருந்தால் எக்செல்லில் போட்டுச் சமாளித்துவிடலாம். கார், ரயில், விமானம், மருத்துவக் கருவி என்று போனால் தேவைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வேண்டும். யார் எப்போது அதை மாற்றினார், எந்தப் பெரிய தேவையிலிருந்து அது பிறந்தது, எந்தச் சோதனை அதைச் சரிபார்க்கிறது என்ற விவரமெல்லாம் வேண்டும். இதற்கென்றே இருக்கும் மென்பொருள்கள்தான் டோர்ஸ், போலாரியன், ஜாமா கனெக்ட், கோட்பீமர் போன்றவை.

சேலத்தில் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஓசூர், கோயம்புத்தூர், பெங்களூர் என்று வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலர் இந்த மென்பொருள்களில் ஒன்றைத் தொட வேண்டி வரும். கல்லூரியில் புரோகிராம் கோடு எழுதச் சொல்லித்தருகிறார்கள். எதை எழுத வேண்டும் என்று எழுதிவைத்ததைப் பராமரிக்கும் வேலையைப் பற்றிப் பேசுவது குறைவு. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், "இந்த நாற்பது ரிக்வயர்மென்ட்டையும் அந்த காம்போனென்ட்டுக்கு மாத்திடுங்க" என்று சொல்வார்கள். கேட்கும்போது ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்கு ஃபைலை இழுத்துப் போடுகிற வேலையாகத் தோன்றும். அதைவிடப் பொறுப்பான வேலை அது. ஏன் என்று ஒரு உதாரணத்தை வைத்தே பார்க்கலாம். காம்போனென்ட் என்று திரையில் இருப்பதை இங்கே பாகம் என்றே எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நவம்பர் வாக்கில் பழம் பறிக்கத் தொடங்கினால் பிப்ரவரி வரை ஓடும். அந்த மாதங்களில் மலையில் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். களத்தில் பரப்பிய கொட்டை நினைத்த நாளில் காயாது. தோல் நீக்கிக் கழுவிய கொட்டையில் பாதி எடைக்கு ஈரம்தான். அதை 10, 11 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மேலே நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ரொம்பக் கீழே போனால் எடையும் போச்சு, கொட்டையும் உடையும். அதனால் தோட்டக்காரர் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரம் ஒன்றை வைக்கிறார். அதற்கான கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதுவது கீழே சேலத்தில் இருக்கும் ஒரு சின்ன அலுவலகம்.

முதல் வருடம் எல்லாத் தேவைகளும் 'உலர்த்தி' என்ற ஒரே பாகத்தில் இருந்தன. அவற்றில் மூன்றை மட்டும் பார்ப்போம்.

உலர்-12: கொட்டையின் ஈரம் 11 சதவீதத்துக்கு இறங்கிய 2 நிமிடத்துக்குள் உலர்த்தி சூடான காற்றை நிறுத்தி, தோட்டக்காரரின் மொபைலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

உலர்-13: கொட்டையின் ஈரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அளக்க வேண்டும்.

உலர்-20: கொட்டையின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.

இரண்டாம் வருடம் ஆத்தூர் பக்கமிருந்து ஒரு ஜவ்வரிசி ஆலைக்காரர் வருகிறார். அவருக்கு உலர்த்தி வேண்டாம், ஈரம் அளக்கும் சென்சார் பெட்டி மட்டும் போதும். அப்போது சென்சார் பெட்டி தனிப் பொருளாகிறது, அதற்கு ஒரு தனி ஆளும் வருகிறார். மொபைல் ஆப்பும் தனியாகப் பிரிகிறது. ஒரே பாகம் இப்போது மூன்றாக வேண்டும். பெரிய நிறுவனங்களிலும் தேவைகளை இடம் மாற்றும் காரணம் பெரும்பாலும் இதுதான்: ஒரு பகுதியை வேறு பொருளிலும் பயன்படுத்த ஆசை வரும், அல்லது ஒரு பகுதியை வெளியில் கொடுத்துச் செய்ய வேண்டிவரும், அல்லது குழு பெரிதாகிப் பிரியும்.

எண் வேறு, இருக்கும் இடம் வேறு

புதிதாக வருபவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. ஒரு தேவை என்பது அதன் எண், வாசகம், வரலாறு, மற்ற தேவைகளோடும் சோதனைகளோடும் இணைக்கும் லிங்க்குகள் எல்லாம் சேர்ந்த ஒன்று. அது எந்தப் பாகத்தில், எந்தத் தலைப்பின் கீழ் தெரிகிறது என்பது தனி. வெவ்வேறு மென்பொருள்களுக்கு இடையே தேவைகளைப் பரிமாறிக்கொள்ள ரெக்இஃப் என்று ஒரு பொது வடிவம் உண்டு. ஜெர்மன் கார் நிறுவனங்களின் முயற்சியில் தொடங்கி, 2011இல், மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பின் தரமாக வந்தது. அதன் உள்ளமைப்பிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. தேவையின் உள்ளடக்கம் ஓரிடத்தில் இருக்கும். ஆவணத்தின் மரம்போன்ற படிநிலை வேறொரு இடத்தில் இருந்துகொண்டு அந்த உள்ளடக்கத்தைச் சுட்டிக்காட்ட மட்டும் செய்யும். மரத்தில் கிளையை மாற்றினாலும் உள்ளடக்கம் அசையாது.

ஒரே பாகத்துக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு நகர்த்துவதில் அதனால்தான் பெரிய ஆபத்து இல்லை. எண் அப்படியே இருக்கும், லிங்க்கும் இருக்கும். பாகத்தின் எல்லையைத் தாண்டும்போது கதை மாறுகிறது. பழைய டோர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தேவைகளின் தொகுப்புக்கு மாட்யூல் என்று பெயர், ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி எண்வரிசை. ஒரு மாட்யூலில் இருப்பதை இன்னொரு மாட்யூலில் காப்பி செய்து ஒட்டினால் அங்கே புது எண்ணோடு புதிதாக ஒன்று பிறக்கும். வாசகம் வந்துவிடும், வரலாறு வராது. முன்பு யார் ஏன் மாற்றினார் என்ற விவரம் பழைய இடத்திலேயே நின்றுவிடும். பழையதை அழித்தாலும் அந்த எண்ணை அந்த மாட்யூல் வேறு எதற்கும் மறுபடி கொடுக்காது. இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. பழைய அறிக்கையில் அந்த எண்ணைப் பார்ப்பவர் வேறொன்றோடு குழப்பிக்கொள்ள மாட்டார்.

நிலத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். சர்வே எண் 45 இரண்டாகப் பிரிந்தால் 45/1, 45/2 என்று உட்பிரிவு போடுகிறார்கள். பட்டா மாறும், வரைபடம் மாறும். ஆனால் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பிடித்துக்கொண்டு போனால் முப்பது வருடம் முன்பு அது யாரிடம் இருந்தது என்பது வரை போய்விடலாம். தேவையைப் பாகம் மாற்றும்போதும் அந்த வழி இருக்க வேண்டும். உலர்-13 என்பது சென்-4 ஆகிவிட்டால், சென்-4ஐத் திறப்பவருக்கு உலர்-13 தெரிய வேண்டும், உலர்-13ஐத் தேடி வருபவருக்கு சென்-4 தெரிய வேண்டும். மென்பொருள் இதைத் தானாகச் செய்யாவிட்டால் 'பழைய எண்' என்று ஒரு புலம் (ஃபீல்டு) சேர்த்து நீங்களே நிரப்புங்கள். பத்து நிமிட வேலை, பல வருடம் உதவும்.

மாற்றுவதில் மூன்று விதம் உண்டு. ஒன்று, நிஜமாகவே நகர்த்துவது. அடையாளமும் வரலாறும் கூடவே வரும், ஆனால் எல்லா மென்பொருளும் பாகத்தைத் தாண்டி இதை அனுமதிப்பதில்லை. இரண்டு, காப்பி. இரண்டும் தனித்தனி வாழ்க்கை வாழும், ஒன்றைத் திருத்தினால் மற்றதற்குத் தெரியாது. மூன்று, மறுபயன்பாடு. காப்பிதான், ஆனால் மூலத்தோடு ஒரு கயிறு கட்டியிருக்கும். மூலம் மாறினால் "அங்கே மாறிவிட்டது, இங்கே என்ன செய்யலாம்?" என்று கேட்கும். காபிக்கும் ஜவ்வரிசிக்கும் ஒரே சென்சார் பெட்டி போகிறதென்றால் உலர்-13க்கு மூன்றாவது வழிதான் முறை. அவசரத்தில் எல்லோரும் இரண்டாவதைச் செய்துவிடுகிறார்கள். அடுத்த வருடம் ஒரு காப்பியில் 30 நொடி, இன்னொன்றில் 20 நொடி என்று இருக்கும், எது சரி என்று யாருக்கும் தெரியாது.

உலர்-12ஐ என்ன செய்வது?

உலர்-13 சுலபம், முழுசாக சென்சார் பெட்டிக்குப் போய்விடும். உலர்-20 வெப்பத்தைப் பற்றியது, உலர்த்தியிலேயே இருக்கட்டும். சிக்கல் உலர்-12தான். அளப்பது சென்சார், நிறுத்துவது உலர்த்தி, தகவல் சொல்வது ஆப். இதை எந்தப் பாகத்தில் போட்டாலும் மற்ற இரண்டு பாகத்துக்காரரும் "அது எங்களுடையது இல்லை" என்பார்கள்.

தேவைகளை எழுதுவதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ/ஐஇசி/ஐட்ரிபிள்இ 29148. அதன் 2018 பதிப்பு ஒரு நல்ல தேவைக்கு ஒன்பது குணங்களைச் சொல்கிறது. அவற்றில் இரண்டு நமக்கு இங்கே நேரடியாக உதவும். ஒரு தேவை ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். அது எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்துக்குப் பொருந்தும் அளவுக்குத்தான் விவரம் சொல்ல வேண்டும். உலர்-12 இந்த இரண்டிலும் தோற்கிறது. ஒரே பாகமாக இருந்தவரை அது உறுத்தவில்லை, பிரிக்கும்போது வெளியே வந்துவிட்டது. பாகம் பிரிக்கும் வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான். பல வருடமாக யாரும் திரும்பிப் பார்க்காத வாக்கியத்தை நின்று படிக்க வைக்கும்.

சரி, மூன்றாக வெட்டி மூன்று பாகத்தில் போட்டுவிடலாமா? அதற்கு முன் அந்த 2 நிமிடத்தைப் பாருங்கள். அளக்க 30 நொடி, அளவு உலர்த்திக்குப் போய்ச்சேர 10 நொடி, சூடான காற்றின் வால்வு மூட 80 நொடி என்று பங்கு போட்டால் மொத்தம் 120 நொடி, கணக்கு சரியாக இருக்கிறது. நாளைக்கு சென்சார் குழு, பேட்டரி மிச்சமாகட்டும் என்று 60 நொடிக்கு ஒருமுறை அளக்கிறார்கள். அவர்கள் பாகத்தில் அது சின்ன மாற்றம். மொத்தம் 150 ஆகிவிட்டது, ஆனால் 120 என்ற எண் எந்தப் பாகத்திலும் இல்லை என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் மூலத் தேவையை வெட்டி எறியக் கூடாது. 'முழு அமைப்பு' என்று மேலே ஒரு பாகம் திறந்து, 11 சதவீதத்துக்கு இறங்கிய 2 நிமிடத்துக்குள் சூடான காற்று நிற்க வேண்டும் என்பதை அங்கே அமை-3 என்று வையுங்கள். தகவல் அனுப்புவது வேறு விஷயம், அது அமை-4 ஆகட்டும். இவற்றிலிருந்து பிறந்த பிள்ளைகளாக சென்-5, உலர்-31, ஆப்-7 கீழே போகட்டும், ஒவ்வொன்றிலிருந்தும் மேலே லிங்க் இருக்கட்டும்.

அடுத்த கேள்வி, 11 என்ற எண் எங்கே இருக்க வேண்டும்? சென்சார் பெட்டியில் எழுதிவிட ஆசை வரும். "11க்கு வந்ததும் சிக்னல் கொடு" என்றால் வேலை சுலபம்தானே. ஆனால் 11 காபியோடு பிறந்த எண். சென்சார் பெட்டி ஜவ்வரிசி ஆலைக்கும் போகிறது. காபியின் எண்ணை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. சென்சார் அளந்து சொல்லட்டும், போதுமா போதாதா என்பதை உலர்த்தி முடிவு செய்யட்டும். 1972இல் கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் ஒரு மென்பொருளை எப்படிப் பகுதிகளாகப் பிரிப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். வேலை நடக்கும் வரிசையைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வையுங்கள் என்பது அதன் சாரம். கோடுக்காகச் சொன்னது தேவைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. எந்தத் தேவை எங்கே போக வேண்டும் என்று தடுமாறினால், இது மாறினால் யாரெல்லாம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரே குழு என்றால் அந்தக் குழுவின் பாகம். இரண்டு குழு என்றால் அது மேலே இருக்க வேண்டியது, அல்லது இன்னும் பிரிக்க வேண்டியது.

காரணம் இல்லாமல் பயணித்த தேவை

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல்முறை கிளம்பி, 40 நொடி ஆவதற்குள் சிதறியது. அதன் திசையறியும் கருவியின் மென்பொருள் ஏரியன் 4இலிருந்து வந்தது. அதில் ஒரு வேலை, கிளம்புவதற்கு முன் கருவியைத் தரையோடு ஒத்துப்போக வைப்பது. ஏரியன் 4இல் கவுண்ட்டவுன் கடைசி நேரத்தில் நின்றுபோனால் சீக்கிரம் மறுபடி தொடங்க வசதியாக, அந்த வேலை கிளம்பிய பின்னும் சுமார் 40 நொடி ஓட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஏரியன் 5க்கு அந்த அவசியமே கிடையாது. இருந்தாலும் வேலை செய்கிற மென்பொருளை எதற்குத் தொட வேண்டும் என்று அப்படியே கொண்டுவந்தார்கள். புது ராக்கெட் கிடைமட்டத்தில் அதிக வேகம் எடுத்தது. அந்த வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடக்கப் பார்த்தபோது அது அடங்கவில்லை. முதன்மைக் கருவியும் மாற்றுக் கருவியும் ஒரே மென்பொருளை ஓட்டியதால் இரண்டுமே நின்றன.

தேவை இடம் மாறியது, அது ஏன் இருந்தது என்ற காரணம் கூடவே வரவில்லை. அதனால்தான் ஒவ்வொரு தேவையோடும் 'காரணம்' என்ற புலத்தை நிரப்பச் சொல்கிறார்கள். வேறு பாகத்துக்குக் கொண்டுபோகும்போது அந்தக் காரணத்தைப் படித்து, புது இடத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உலர்-20இல் 40 டிகிரி என்பது காபிக் கொட்டையின் தரத்துக்காக. நாளை இதே உலர்த்தியை மிளகுக்குக் கொடுத்தால் 40ஐ வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவெடுக்க அந்த ஒரு வரி போதும்.

பிரித்தவுடன் புதிதாகப் பிறக்கும் தேவைகளும் உண்டு. சென்சாரும் உலர்த்தியும் ஒரே பாகமாக இருந்தவரை அவை எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று யாரும் எழுதவில்லை, எழுத வேண்டியிருக்கவும் இல்லை. இப்போது எல்லை வந்துவிட்டது, இடைமுகத் தேவை எழுத வேண்டும். "ஈரத்தைச் சதவீதத்தில் அனுப்ப வேண்டும்" என்று எழுதினால் போதாது. எந்தச் சதவீதம்? ஈரத்தோடு சேர்ந்த மொத்த எடையில் 11 சதவீதம் என்பதை, காய்ந்த எடையை வைத்துக் கணக்கிட்டால் 12.4 சதவீதம் வரும். சென்சார்க்காரர் காய்ந்த எடைக் கணக்கில் அனுப்பி, உலர்த்தி அதை மொத்த எடைக் கணக்காக எடுத்துக்கொண்டால், கொட்டை தேவைக்கு மேல் காய்ந்துவிடும். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பரில் தொலைந்துபோனது இதே மாதிரிப் பிழையால்தான். விண்கலம் தன்னைத் திருப்பிக்கொள்ள எரித்த சின்ன எரிப்புகளின் விசைக் கணக்கைத் தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று பவுண்டு அலகில் கொடுத்தது, வாங்கிய பக்கம் நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. நியூட்டன் அலகில்தான் இருக்க வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் எழுதியிருந்தது. அந்த வரி கோடுக்கும் சோதனைக்கும் போய்ச் சேரவில்லை. ஆகவே இடைமுகத் தேவையை ஒரே இடத்தில் எழுதி, இரண்டு பாகத்திலிருந்தும் அதற்கு லிங்க் போட்டு, இரண்டு பக்கத்துச் சோதனையையும் அதோடு கட்டுங்கள்.

கையில் எடுக்கும் முறை

தொடுவதற்கு முன் ஒரு பேஸ்லைன் எடுங்கள். இன்றைய நிலையை அப்படியே உறையவைத்துப் பெயர் போட்டு வைப்பதுதான் பேஸ்லைன். பிறகு எது நடந்தாலும் அதை யாரும் மாற்ற முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க அது இருக்கும்.

அப்புறம், நகர்த்துவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். நகர்த்தும்போது வாக்கியத்தில் எழுத்துப்பிழை கண்ணில் படும், சரிசெய்யக் கை போகும். விட்டுவிடுங்கள். தேவையின் வாசகம் மாறினால், அதோடு லிங்க் உள்ள எல்லாவற்றையும் மறுபடி பார்க்கச் சொல்லி மென்பொருள் சந்தேகக் கொடி ஏற்றும். நாற்பது தேவைகளை நகர்த்திக்கொண்டே பத்தைத் திருத்தினால், எந்தக் கொடி இடமாற்றத்தால் வந்தது, எது வாசகத்தால் வந்தது என்று பிரிக்க முடியாது. ரிவ்யூ செய்பவரும் எல்லாவற்றையும் ஓகே போட்டுத் தள்ளிவிடுவார். முதல் சுற்றில் ஒரு எழுத்தும் மாறாமல் நகர்த்துங்கள். உலர்-12 போன்றவற்றை உடைத்து எழுதுவது இரண்டாம் சுற்று, அதற்குத் தனி சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றக் கோரிக்கை, போடுங்கள்.

புலங்களையும் பாருங்கள். பழைய பாகத்தில் முன்னுரிமை 'அதிகம், நடுத்தரம், குறைவு' என்று இருக்கும், புதிய பாகத்தில் 1, 2, 3 என்று இருக்கும். பொருந்தாத மதிப்பு சத்தமில்லாமல் காலியாகிவிட வாய்ப்பு உண்டு. டோர்ஸின் புது வடிவமான டோர்ஸ் நெக்ஸ்ட்டில் தேவை வகைகளும் புலங்களும் ஒவ்வொரு காம்போனென்ட்டுக்கும் தனித்தனியாக வரையறுக்கப்படுபவை. அதனால் இரண்டு பக்கமும் ஒன்றா என்று முதலிலேயே ஒப்பிட வேண்டும். அனுமதிகளும் அப்படித்தான். சென்சார் பெட்டியை வெளியில் கொடுத்துச் செய்கிறீர்கள் என்றால் அந்தப் பாகத்தில் போய் விழும் ஒவ்வொரு தேவையையும் வெளியாள் படிப்பார். காபியை எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் காயவைக்கிறீர்கள் என்ற தோட்டத்தின் தொழில் நுணுக்கம் அங்கே போகக் கூடாது.

வாகனத் துறைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே ஐஎஸ்ஓ 26262 தரத்தின்படி பாதுகாப்புத் தேவைகளுக்கு ஏஎஸ்ஐஎல் என்று ஏ முதல் டி வரை படிநிலை உண்டு, டிதான் மிகக் கண்டிப்பான படி. டி படியில் உள்ள ஒரு தேவையைச் சாதாரணப் பாகத்துக்குள் கொண்டுபோய் வைத்தால், அங்கே உள்ள மற்றவை அதற்கு இடைஞ்சல் செய்யாது என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாகம் முழுவதையும் டி படியின் கண்டிப்போடு செய்ய வேண்டும். ஒரு வரியை இழுத்துப் போட்டதால் ஒரு குழுவின் ஒரு வருட வேலை கூடலாம். அப்படிப்பட்ட தேவையைப் பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எல்லாவற்றையும் முதலில் புராஜெக்ட்டின் ஒரு நகலில் ஓட்டிப் பாருங்கள். முடிந்ததும் எண்ணுங்கள். நகர்த்துவதற்கு முன் எத்தனை தேவை, எத்தனை லிங்க், எத்தனை சோதனை இணைந்திருந்தது, பின்னால் எத்தனை. தேவைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாக வந்துவிடும், லிங்க்கில்தான் குறையும். குறைந்த ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தேடிக் கண்டுபிடியுங்கள். மேலே எந்த லிங்க்கும் இல்லாமல் நிற்கும் தேவைகளையும், எந்தச் சோதனையும் தொடாத தேவைகளையும் தனியாக வடிகட்டிப் பார்த்து, அவை முன்பே அப்படி இருந்தனவா, இப்போது ஆனவையா என்று பேஸ்லைனோடு ஒப்பிடுங்கள். பழைய பாகத்தில் மிஞ்சிய உலர்-12, உலர்-13 இரண்டையும் அழிக்க வேண்டாம். 'விலக்கப்பட்டது' என்று நிலை மாற்றி, எங்கே போனது என்று எழுதி, திருத்த முடியாதபடி பூட்டிவிடுங்கள். போன வருட சோதனை அறிக்கையில் உலர்-12 என்று பார்த்துவிட்டு வரும் தணிக்கையாளர் நேராக அங்கேதான் தேடுவார்.